சின்னப் பாலத்துக்கு இந்தாண்ட

தினகரனுக்கு ஐம்பத்தொரு வயதில் எல்லாம் இருந்தது. ஐயப்பன்தாங்கலில் மூன்றாவது மாடியில் சொந்த ஃபிளாட், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் பொறுப்பு, முழங்காலுக்கு ஓர் உறை, கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு மகன். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ஊர்.

இதைச் சின்னக் குறையாக நினைத்துவிடக் கூடாது. பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் அந்தக் கம்பெனி வாசலில் நின்று பார்த்தால் தமிழ்நாடு முழுவதும் பை பையாக வந்து இறங்கும். ஒருவர் கையில் கரும்புக் கட்டு, ஒருவர் தோளில் வாழைத்தார், இன்னொருவர் காரில் அவருடைய அம்மாவே இடித்த மிளகாய்ப்பொடி. தினகரன் மட்டும் டிபன் பாக்ஸோடு வருவார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "சாருக்கு எந்த ஊர்?" என்று கேட்பார்கள்.

"புரசைவாக்கம்."

"அது சரி சார். ஊர்?"

அப்பாவுக்குப் புரசைவாக்கம். தாத்தாவுக்கும் புரசைவாக்கம். தாத்தாவின் அப்பா மட்டும் சற்றுத் தொலைவிலிருந்து வந்தவர். ஓட்டேரி. நடந்தால் இருபது நிமிடம்.

மனைவி வரலட்சுமிக்கோ ஊர் உபரியாக இருந்தது. வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயல், கிணறு, குலதெய்வம், பங்காளிச் சண்டை என்று எதிலும் குறைவில்லாதது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே போக மறுத்து வந்தார். "பதினெட்டு வருஷம் சாணி தட்டினது போதும்" என்பது அவருடைய நிலைப்பாடு. இருப்பவருக்கு வேண்டாம், வேண்டியவருக்கு இல்லை. குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது.

ஆகவே தினகரன் ஆறு வருடங்களுக்கு முன் வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே, ஏரிமேடு என்ற கிராமத்துக்குப் போகிற ரோட்டில், அன்னபூரணி அவென்யூ இரண்டாம் பகுதியில் ஒரு மனை வாங்கி, அதில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கட்டினார். அவென்யூ என்றால் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக நிற்கும் ஒரு வெளி. நாற்பத்திரண்டு மனைகளில் கட்டடம் எழுந்தது அவருடையதில் மட்டுமே. மற்றவர்கள் விலை ஏறுவதற்காக வாங்கியவர்கள். இவர் ஊருக்காக வாங்கியவர். வெள்ளிக்கிழமை மாலை கம்பெனியில், "நாளைக்கு நான் ஊருக்குப் போறேன்" என்று யாரும் கேட்காமலே அறிவிக்கத் தொடங்கினார். சனிக்கிழமை காலை பூந்தமல்லி போய், ஆவடி பஸ் பிடித்து, அங்கிருந்து ரயில் ஏறினால் ஊர் வந்துவிடும். போக ஒன்றரை மணி நேரம். ஊருக்கு இது கௌரவமான தூரம் அல்லதான். ஆனால் பூந்தமல்லியில் டிராபிக் இருந்தால் இரண்டரை மணி ஆகும். அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் திருப்தியாக இருக்கும்.

வரலட்சுமி ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அங்கே இரவு தங்கியதில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை தினகரன் போனபோது, வழக்கம்போல் வீடு அவர் இல்லாத ஐந்து நாளையும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. எலி ஒன்று மோட்டார் ஒயரைக் கடித்திருந்தது. ஜன்னலில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. வாசலில் வேப்பஞ்சருகு கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. மனிதர் மனம் தளரவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சருகைக் கூட்டி, ஒயருக்கு டேப் சுற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வேலியில் சாய்ந்த முள்ளைக் கட்டினார். பத்தரை மணிக்குள் முதுகு பிடித்துக்கொண்டது. ஊர் இருக்கிற எல்லாருக்கும் முதுகு பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அதையும் மகிழ்ச்சியுடனே ஏற்றார்.

பிறகு சேகரிப்பு. கடையில் விற்காததையோ, விற்றாலும் தானே பறித்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடியதையோ ஒரு பை நிறையத் திங்கட்கிழமை கம்பெனிக்குக் கொண்டுபோவது அவர் விரதம். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வேப்பம்பூவை உலுக்கினார். முருங்கையில் இரண்டு கிளையை வளைத்துக் கீரையும் பூவும் ஆய்ந்தார். வேலியில் படர்ந்த பிரண்டையைக் கிள்ளிவிட்டு உள்ளங்கையைச் சொறிந்துகொண்டார். மனைக் கோடியில் நின்ற கொடுக்காப்புளியைத் துரட்டிக்கோலால் இழுக்க, சுருள் சுருளாகக் காய்கள் அவர் தலையிலேயே விழுந்தன. செடியைப் படமெடுத்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்று அவருடைய போனில் இருந்தது. சும்மா இருக்க மாட்டாமல் கொடுக்காப்புளியைப் படமெடுத்தார். இதன் சொந்த ஊர் மெக்சிகோ என்றது அது. தினகரன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் சற்று நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொடுக்காப்புளிக்குக்கூட ஓர் ஊர் இருந்தது.

அந்த நேரத்தில்தான் மங்களம் தன் ஏழு ஆடுகளோடு வந்தாள். ஏரிமேட்டுக்காரி. புருஷன் இல்லை. ஒரே பெண் எழிலரசியை அம்பத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். தினகரனோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

"இன்னா அண்ணாத்தே, கை நெறிய இன்னாத்த வச்சிகினு கீற?"

"கீரை, மங்களம்மா. இதுவா மொளச்சிருக்கு. மூக்கிரட்டைதானே?"

அவள் ஒரு கொத்தை வாங்கிப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஆட்டிடம் நீட்டினாள். ஆடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தியா? இத்த ஆடே வோணாங்குது. நீ ஆபீஸ்ல யாருக்கினா குடுத்துத் தொலச்சிடாத. அப்பறம் உம்மேல கேஸ் போட்ருவானுங்க."

அப்போது ஏரிமேட்டுப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. ஊர்ப் பொது அறிவிப்பு. நாளை ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பொன்னியம்மனுக்குக் காப்புக் கட்டு. கட்டுகிற நேரத்தில் எல்லைக்குள் இருப்பவர்கள், அதன்பிறகு எல்லைக்குள் கால் வைப்பவர்கள், எவரானாலும் ஒன்பதாம் நாள் தேர் நிலைக்கு வரும்வரை வெளியில் ராத்தங்கக் கூடாது. பகலில் வேலைக்குப் போகலாம். படுக்கைக்கு ஊர் திரும்பிவிட வேண்டும். தங்க முடியாத விருந்தாளிகள், வெளியூர்க்காரர்கள் ஆறு மணிக்கு முன் கிளம்பிவிடவும். மீறினால் அம்மனே பார்த்துக்கொள்வாள்.

தினகரனின் மார்புக்குள் ஏதோ எழுந்து நின்றது. ஆறு வருடமாக அவர் எந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்தாரோ, அதை ஆட்டோவில் வைத்துத் தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். நீ விருந்தாளியா, ஊர்க்காரனா?

"போன வருஷமெல்லாம் இத்த நான் கேட்டதில்லையே?" என்றார்.

"போன வருஷம் காப்பு செவ்வாக்கெழம. நீதான் சனி ஞாயிறு மாப்ளையாச்சே." மங்களம் ஆட்டோ போன திசையைப் பார்த்தாள். "எழிலரசிக்கு இந்த வருஷமும் குடுத்து வெக்கல. எக்ஸ்போர்ட் கம்பெனில தைக்கிறா. நைட் ஷிப்ட். உள்ள வந்தா ராத்திரி வெளிய தங்கக்கூடாதே, அப்பறம் ஷிப்டுக்கு எப்டி போவா? ஒம்போது நாள் லீவு கேட்டாளாம். வேலைய வுட்டுட்டுப் போன்னுட்டானாம்." பிறகு நினைவு வந்தவளாய், "நீ நாளைக்கி அஞ்சரை வண்டிக்குக் கெளம்பிடு அண்ணாத்தே. மாட்டிக்கினா வேலைக்கி இங்கேர்ந்து அலையணும்" என்றாள்.

அவள் அக்கறையோடுதான் சொன்னாள். தினகரனுக்கு அந்த அக்கறைதான் சுருக்கென்றது.

பகலில் வேலைக்குப் போய்வரலாம்தான், ஆனால் லீவு போடாத ஊர் என்ன ஊர் என்று, ஆடுகள் போனதும் அவர் மேனேஜர் ஜெகதீஷைப் போனில் பிடித்தார். ஜெகதீஷ் தேனிக்காரர். வாழைத்தார் அவருடையதுதான்.

"சார், எனக்கு ஒம்போது நாள் லீவு வேணும். ஊர்ல காப்புக் கட்டுறாங்க."

"அடடா, காப்புக் கட்டுனா தாண்ட முடியாதுல்ல! எங்க ஊர்லயும் அப்படித்தான். தாராளமா எடுத்துக்கங்க." ஜெகதீஷின் குரல் நெகிழ்ந்தது. பிறகு ஏதோ உறைத்தது. "ஆமா, உங்களுக்கு எந்த ஊரு தினகரன்?"

"வேப்பம்பட்டாண்ட சார்."



"அது ஸ்டேஷன் பேருல்ல?"

"உள்ள போனா ஊர் இருக்குது சார்."

"சரி, எடுத்துக்கங்க. உங்களுக்கும் லீவு நிறையக் கெடக்கு. ஆனா காரணம்னு போட்டிருக்கிற எடத்துல சொந்த வேலைன்னு எழுதுங்க. சொந்த ஊர்னு எழுதாதீங்க. எச்.ஆர்.ல என்னையக் கேப்பாங்க."

அடுத்து வரலட்சுமி.

"ஒம்பது நாளா? மாத்துத் துணிக்கு என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு லுங்கி, ஒரு வேட்டி இருக்குது."

"வேட்டியை மரத்தடியில விரிச்சு வச்சிருப்பீங்களே."

"அது பழசு. இது புதுசு. காப்புக் கட்டிட்டா ஊர்க்காரன் வெளிய படுக்கக் கூடாது வரலட்சுமி. அம்மன் கோச்சுக்கும்."

"ஏங்க, எங்க ஊர் அம்மன் இருபத்தாறு வருஷமா உங்களை வா வான்னு கூப்பிடுது. அதுக்கு ஒருநாள் லீவு போட்டிருக்கீங்களா?"

"அது உன் ஊரு."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலோ என்னவோ வரலட்சுமி அதோடு விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை பிளம்பர் வருகிறான், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏரிமேடு அவரை வழியனுப்பிக்கொண்டே இருந்தது. காலையில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "சீக்கிரம் கெளம்பிடுங்க சார்" என்றார். பதினோரு மணிக்கு மங்களம். இரண்டு மணிக்கு யாரென்றே தெரியாத ஒருவர் பைக்கை ஸ்லோ பண்ணி, "இன்னும் போவலியா நைனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இத்தனை பேர் தன்னைக் கவனித்து வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்வதா, இத்தனை பேரும் தன்னைப் போகச் சொல்கிறார்கள் என்று வருந்துவதா என்று தெரியாமல் தினகரன் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "கொஞ்சம் வேலை கீது."

வேலை இருக்கத்தான் செய்தது, இல்லாதபோது உண்டாக்கினார். நேற்றுக் கழுவிய தொட்டியை மறுபடி கழுவினார். முருங்கைக்கீரையில் காம்பு நீக்கினார், பிறகு காம்பில் காம்பு நீக்கினார். வேப்பம்பூவைக் குப்பை பொறுக்கி, வெயிலில் பரப்பி, நிழல் வந்த பக்கமெல்லாம் வேட்டியோடு இழுத்துக்கொண்டு நகர்ந்தார். அஞ்சரை வண்டி தூரத்தில் ஊதிக்கொண்டு போன சத்தம் கேட்டபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அது முழுசாகக் கடந்துபோகும்வரை கேட்டார்.

காப்பு நடக்கிற முறையை மங்களத்திடம் பேச்சுவாக்கில் விசாரித்து வைத்திருந்தார். பூசாரி கரகத்தோடு எல்லையைச் சுற்றி வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கற்பூரம் காட்டுவார்கள். எல்லை முழுக்க வந்து முடிந்ததும் கோயிலில் காப்பு. தினகரன் வாசல் தெளித்தார். கோலம் போட்டார். நாலு புள்ளியில் தொடங்கிய அது எப்படியோ ஐந்து மூலையில் முடிந்தது. புது வேட்டி, சட்டையில்லாத உடம்பு, ஒரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, மறு கையில் கற்பூரத் தட்டு. கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

பம்பைச் சத்தம் நெருங்கியது. ஏரிக் கால்வாய் ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. கேட்டிலிருந்து நாற்பது தப்படி. கூட்டம் அதுவரை வந்தது. கரகம் ஆடியது, உடுக்கை அதிர்ந்தது. தினகரன் கற்பூரத்தைப் பற்றவைத்தார். பாலத்தின்மேல் ஒரு பூசணிக்காயை உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கி நாலு பக்கமும் எறிந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கத்துக் கரென்ட் கம்பத்துக்கும் அந்தப் பக்கத்துப் பனைமரத்துக்கும் குறுக்கே ஒரு வேப்பிலைத் தோரணத்தை இழுத்துக் கட்டினார்கள்.

கட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

கற்பூரம் எரிந்து முடிந்து தட்டு சுட்டது. அதற்குப் பிறகுதான் தினகரன் தட்டைக் கீழே வைத்தார். பாலத்தில் பின்தங்கி நின்ற மங்களம் இவரைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணாத்தே, அங்க யாருக்கோசரம் நிக்கிற? எல்லை இங்கியே முடிஞ்சிபோச்சி!"

சொம்பும் கையுமாகத் தோரணத்துக்கு இந்தப் பக்கம் வரை நடந்து போனார். "இங்கியேவா?"

"எங்க மாமனாரு காலத்துலேர்ந்து பாலம்தான். உன் மனையெல்லாம் அப்போ ஏரி. தண்ணிக்கு எவனாவது எல்லை கட்டுவானா?"

ஏரிமேட்டில் ஏரி எங்கே என்று தினகரன் ஆறு வருடமாக யோசித்ததுண்டு. இப்போது விளங்கியது.

"நீ ஒண்ணும் பயப்படாத. உனுக்கு ஒரு கட்டும் கெடயாது. எப்ப வோணா வரலாம், எப்ப வோணா போலாம். இத்தினி நேரம் அதுக்கா மூஞ்சி வாடிப்போய் நின்ன?"

"மங்களம்மா, இப்ப நான் இத்தத் தாண்டி உள்ள வந்தா?"

"வந்தா ஒம்போது நாளும் உள்ளதான் படுக்கணும்." அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "யாரு ஊட்டுல படுப்ப?"

 தினகரன் ஏரிமேட்டில் தனக்குத் தெரிந்த வீடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினார். பால்காரரின் வீடு எங்கே என்று தெரியாது. பைக்கில் வந்தவரின் பெயரே தெரியாது. மங்களம் தனியாக இருக்கிற பெண்பிள்ளை. தோரணத்தில் ஒரு வேப்பங்கொத்து காற்றில் அவர் முகத்துக்கு நேரே ஆடியது. கையை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை.

மங்களத்துக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "இரு, வந்துட்றேன்" என்று ஓட்டமும் நடையுமாகப் போய், ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தாள். தோரணத்துக்குக் கீழே கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள்.

"போறதுதான் போற, அம்பத்தூர்ல எறங்கி எம் பொண்ணாண்ட இத்தக் குடுத்துடு. கொழுக்கட்டை, அம்மன் மஞ்சள். போன் பண்ணிச் சொல்றேன், ஷிப்டு போற வழில டேஷனாண்ட வந்து நிப்பா."

ஆறே முக்கால் வண்டியில் கூட்டமில்லை. திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி என்று ஒவ்வொன்றாக வந்தன. தன்னுடைய கீரைப்பையை மேலே தட்டில் போட்டிருந்தார். மங்களம் கொடுத்ததை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அம்பத்தூர் பிளாட்பாரத்தில் எழிலரசி கழுத்தில் கம்பெனி அட்டையோடு காத்திருந்தாள். தாயின் அதே அகன்ற நெற்றி. "மாமா, நீங்கதானே?" என்று நேராக வந்தாள். மங்களம் அண்ணாத்தே என்று கூப்பிட்டால் மகளுக்கு இவர் மாமாதான். அவளுக்கு அதில் யோசிக்க எதுவுமில்லை. தினகரன்தான் தடுமாறிக் கீரைப்பையை நீட்டிவிட்டு, பிறகு மங்களத்தின் பையைக் கொடுத்தார்.

பையை வாங்கியவள் போகவில்லை. "காப்பு நல்லபடியா ஆச்சா மாமா? கரகம் யாரு எடுத்தது? நல்லா ஆடினாரா? அம்மா இன்னா பொடவை கட்டியிருந்துச்சு?"

"பச்சைப் புடவை. அரக்கு பார்டர்."

"அதானே பாத்தேன்! நான் எடுத்துக் குடுத்தது." முகம் மலர்ந்து, உடனே அணைந்தது. "எனக்குத்தான் லீவு இல்லன்னுட்டான்."

"எனக்குக் குடுத்துட்டாங்கம்மா. ஒம்போது நாள்."

"நெஜமாவா? எந்தக் கம்பெனி மாமா?" என்று வியந்தவள், சிரித்தாள். "உங்க லீவை எனக்குக் குடுங்க. எங்க ஊரை நீங்க வச்சிக்குங்க."

கொடுக்கக் கூடியதாக இருந்திருந்தால் பேச்சுவார்த்தை அந்தப் பிளாட்பாரத்திலேயே முடிந்திருக்கும்.  அரக்கோணம் ஃபாஸ்ட் ஒன்று நிற்காமல் போனது.

"போன வருஷம் தேரன்னிக்கு மனசு கேக்காம வந்துட்டேன் மாமா" என்றாள் எழிலரசி. "உள்ள போனா மாட்டிக்குவேன்னு பாலத்துக்கு இந்தாண்டியே நின்னேன். உங்க ஊட்டு கேட்டாண்டதான். பூட்டியிருந்துச்சு. தேர் உச்சி மட்டும் தெரிஞ்சுது, அம்மன் தெரியல." பிறகு, கேட்கலாமா என்ற தயக்கத்தோடு, "உங்க ஊட்டு மாடிலேர்ந்து பாத்தா தெரியுமா மாமா?"

"தெரியும்" என்றார் தினகரன். "நல்லாத் தெரியும். வந்துடும்மா. பகல்லயே வந்துடு, சாப்பிட்டுட்டுத் தேரைப் பாத்துட்டு ஷிப்டுக்குப் போலாம். அது எல்லைக்கு வெளிய. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகுதான், அந்த வீட்டுக்கு மாடிப்படி கிடையாது என்பது அவருக்கு உறைத்தது. படி கட்டுவதற்குள் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆறு வருடத்தில் தினகரன் அந்த மொட்டை மாடியில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அங்கிருந்து தேர் தெரியுமா, வெறும் புளியமரம் தெரியுமா என்பது அந்த மேஸ்திரிக்கே வெளிச்சம். போரூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வரலட்சுமிக்குப் போன் போட்டார்.

"எங்க இருக்கீங்க? காப்புக் கட்டியாச்சுன்னா வரக்கூடாதே?"

"அது இருக்கட்டும். நம்ம அபார்ட்மென்ட்ல இரும்பு ஏணி ஒண்ணு இருந்துதே, வாட்ச்மேனாண்ட கேட்டு வையி. அடுத்த திங்கக்கெழமை தேரு. ஊருக்கு விருந்தாளி வராங்க."

"யாரு?"

"ஏரிமேட்டுப் பொண்ணு."

 பஸ் எஸ்டேட் சிக்னலில் நின்றது, கிளம்பியது.

"அவங்க ஊருக்கே அவங்க விருந்தாளியா?"

"ஆமா."

"பாவம்" என்றார் வரலட்சுமி. பிறகு, "அங்க அடுப்பு ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார்.